நீலக் கஞ்சி

எங்கள் வீட்டில் கஞ்சி கிண்டுவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. குடிக்கிற கஞ்சி இல்லை, துணிக்குப் போடுகிற கஞ்சி. மாதா கோயில் பீடத்துத் துணிகளை வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுக்கும் வேலை எங்கள் அத்தையிடம் இருந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாலியறுத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்கென்று ஊரில் இருந்தது அந்த ஒரு வேலைதான். மடித்த துணியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கோயிலுக்குப் போகும்போது தெருவில் நிற்கிற பெண்கள் மரியாதையோடு வழிவிட்டு ஒதுங்குவார்கள். நான் வெறுங்கையோடு அவள் பின்னால் நடப்பேன். எனக்கும் சேர்த்துத்தான் ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துத் தலையை நன்றாக நிமிர்த்திக்கொள்வேன்.

ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவை அத்தை கொதிநீரில் கரைத்து விடுவாள். கட்டி தட்டாமல் நான் கிண்டுவேன். இறக்கி ஆறவைத்த பிறகு, அவுரி நீலத்தைச் சின்னத் துணியில் முடிந்து கஞ்சியில் மூன்று தடவை முக்கி எடுப்பதும் என் பொறுப்பு. அந்த நீலம் சேர்ந்தால்தான் வெள்ளைத் துணி பார்க்கிற கண்ணுக்கு வெளேரென்று இருக்கும். மூன்று முக்குக்கு மேல் கூடாது என்பது அத்தையின் சட்டம். நாலாவது போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. அவள் திரும்புகிற நேரம் பார்த்துப் போட்டும் விடுவேன்.

"ஏத்தா, இன்னைக்கு நீலம் தூக்கலா இருக்கே?"

"பானை அப்படி அத்தை."

அத்தைக்குக் கோபமே வராது. எனக்கு அது அவளுடைய அறியாமை என்று தோன்றும்.

கம்பத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில் பாதிப்பேர் மாதா கோயில்காரர்கள். பூசைக்கு ரசம் பிழிய வேண்டுமென்று வெள்ளைக்காரச் சாமியார்கள் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து வைத்த திராட்சைக் கொடி கோயில் தோட்டத்தில் இருந்தது. அதிலிருந்து குச்சி ஒடித்து வந்து என் அப்பா ஒரு பந்தல் போட்டிருந்தார். எங்களுக்குச் சோறு அந்தப் பந்தலில் இருந்துதான் வந்தது. நான் சொல்கிற சமயத்தில் இரண்டு வருஷமாக அது எங்களைக் கைவிட்டிருந்தது. ஆனி, ஆடிச் சாரலில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். மேலே எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டு விழும். பத்து நாளில் இலை கருகி, பிஞ்சு சுருங்கி, பந்தல் வெறும் குச்சியாக நிற்கும்.

மூன்றாவது வருஷமும் அப்படியே போனால் பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டு மலைக்குப் போவதாக அப்பா முடிவு செய்திருந்தார். மேற்கே, கூடலூர் தாண்டி மலைமேல், ஆற்றை மறித்து அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் பிடிக்கிற கங்காணி எங்கள் தெருவுக்கும் வந்து போனான். எங்கள் தெருவில் இருந்து போன இரண்டு பேரில் ஒருவர் காய்ச்சலோடு திரும்பிவந்து வாசலில் போர்த்திக்கொண்டு நடுங்கினார். இன்னொருவர் திரும்பி வரவே இல்லை.

"பந்தல் போனாப் போகட்டும். அந்த மலைக்கு மட்டும் வேணாம்" என்பாள் அம்மா.

"பந்தல் போயிருச்சுன்னா சோறு எங்கன இருந்து வரும்? அதையும் நீயே சொல்லு" என்பார் அப்பா.

அந்த மலையில் யானை உண்டு என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். போய்விட்டு வரும்போது ஒரு யானைக்குட்டி பிடித்துவரச் சொன்னேன். அம்மா என்னை அடித்துவிட்டு அவளே அழுதாள். அடித்தவள் எதற்கு அழுகிறாள் என்று கேட்டதற்கு இன்னொரு அடி கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சாமியாருக்கு அவருடைய சீமையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே திராட்சைக்கு இதே நோய் வந்ததாம். மயில்துத்தம் என்கிற நீலக் கட்டியைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீரோடு கலந்து இலையில் தெளித்துக் காப்பாற்றிவிட்டார்களாம். சாமியார் மதுரையிலிருந்து ஒரு மூட்டை மயில்துத்தம் தருவித்து அப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவருடைய ஏட்டுத் தமிழில் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இது விஷம். சிறு பிள்ளைகள் இதைத் தொடலாகாது. வேறோர் ஊரில் ஒரு குழந்தை கற்கண்டு என்று வாயிலிட்டு இறந்துபோயிற்று. உன் வீட்டுப் பிள்ளை தொட்டது என்று என் செவியில் விழுந்தால், அன்றைக்கே மூட்டை என்னிடம் திரும்பி வரவேண்டும்."

அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்கே தெரியும். அப்பா மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவராமல் தோட்டத்துக் காவல் குடிசையில் உயரே கட்டித் தொங்கவிட்டார். எனக்குக் குடிசைப் பக்கம் போகவே தடை விதிக்கப்பட்டது. தடை என்றால் எனக்கு அது வழி காட்டும் பலகை.

மண்தொட்டியில் அப்பாவும் சித்தப்பாவும் கலவை போடுவார்கள். அரிவாள் நுனியை அதில் முக்கிப் பார்ப்பார் அப்பா. இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். ஏறாவிட்டால் வேப்பங்கொத்தை முக்கித் தலைக்கு மேலே பந்தலில் தெளிப்பார்கள். இலையில் விழுந்ததில் பாதி அவர்கள் மேலேயே விழும். முதல் நாள் தெளித்து முடித்தபோது அப்பா, தலைப்பாகை முதல் கால்விரல் வரை நீலமாக நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெருமாள் கோயில்காரர், ஆனாலும் எங்களுக்கு மாமாதான். அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, எங்க சாமி நிறத்துக்கே வந்துட்டீக. அப்படியே எங்க கோயிலுக்கு நடங்க" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷம் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் சாரல் அடித்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நீலம் முழுவதும் கழுவிக்கொண்டு தரைக்குப் போயிருந்தது. இலை பச்சைப் பசேலென்று, அடியில் வெள்ளைப் பூப்போடு சிரித்தது.

மருந்து இருக்கிறது, ஆனால் இலையில் நிற்கமாட்டேன் என்கிறது. இதுதான் சங்கதி. சீமையில் சாரல் கிடையாதோ என்னவோ, கடிதத்தில் அதற்கு வழி எழுதவில்லை. சித்தப்பா பொறுப்பேற்றுக்கொண்டார். எந்தக் காரியத்துக்கும் அவரிடம் ஒரு யோசனை தயாராக இருக்கும்.

"அண்ணே, கருப்பட்டிப் பாகு ஊத்துவோம். கையில பட்டாலே விட மாட்டேங்குது, இலைய விட்டுருமா?"

பாகு ஊற்றிய கலவை இலையில் நின்றது. நோய் போயிற்றா என்று பார்ப்பதற்குள் சுற்றுவட்டாரத்துக் கட்டெறும்பு அத்தனையும் பந்தலுக்குக் குடிவந்துவிட்டன. சித்தப்பா அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார், அவர் கழுத்துக்குள் ஒரு கூட்டம் இறங்கியது. அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்து மாமா வேலையை நிறுத்திவிட்டு வந்தார். அடுத்தது முட்டை வெள்ளைக்கரு. அம்மா அடைவைத்திருந்த முட்டைகளைச் சித்தப்பா சத்தமில்லாமல் எடுத்துப் போய் உடைத்து ஊற்றினார். கலவை திரிதிரியாகத் திரிந்து, வேப்பங்கொத்தில் ஒட்டியதே தவிர இலைக்குப் போகவில்லை. கோழியும் அம்மாவும் சேர்ந்து அன்று முழுவதும் கத்தினார்கள்.

நான் அப்போதே சொன்னேன். "அப்பா, கஞ்சி ஊத்துங்க" என்று தெளிவாகச் சொன்னேன். கஞ்சி கிண்டும்போது என் தலையில் ஒரு தடவை தெறித்துவிட்டது. மூன்று நாள் ஆற்றில் குளித்தும் போகவில்லை, கடைசியில் அம்மா அந்த முடியைக் கத்தரித்துத்தான் எடுத்தாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"கஞ்சி போட்டு, வேட்டியும் கட்டி விட்டுருவோமா திராட்சைக்கு?" என்றார் சித்தப்பா. எறும்பு கடித்த கழுத்தோடு அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செய்துகாட்டுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

பரலோக மாதா திருநாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. திருநாளுக்கு மட்டும் விரிக்கிற பெரிய பீடத்துணி எங்கள் வீட்டில் இருந்தது. ஓரம் முழுக்கப் பூ வேலை செய்த துணி, சாமியாரின் தாயார் தன் கையால் தைத்து அனுப்பியது என்பார்கள். மத்தியானம் அத்தை பானையில் கஞ்சி காய்ச்சி இறக்கிவைத்துவிட்டு, துணியை அலசிவர வாய்க்காலுக்குப் போனாள். அப்பாவும் சித்தப்பாவும் கலவையைத் தொட்டியில் போட்டுவைத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் கலயத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கலயம் நிறைய நீலத்தை மொண்டு வந்தேன். கஞ்சி இளஞ்சூட்டில் இருக்கும்போதே கலந்தால்தான் ஒன்றாகச் சேரும் என்பது நான் கண்ட உண்மை. அதனால் பானையிலேயே ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டினேன். ஒரு கலயம் எனக்கு எடுத்துக்கொண்டு மீதியை அத்தைக்கு விட்டுவைத்தேன். கஞ்சி நல்ல நீலமாக இருந்தது. நாலாவது முக்கு என்ன, நாற்பதாவது முக்கே போட்டதுபோல இருந்தது. இந்தத் தடவை துணி ஊரே பார்க்கும்படி வெளுக்கப்போகிறது என்று எனக்கு மகிழ்ச்சிதான்.

பந்தலின் தெற்கு மூலையில் இருந்த கொடிக்கு, கை எட்டும் இலைகளுக்கெல்லாம் அடியும் மேலும் அந்தக் கஞ்சியைப் பூசினேன். பூசி முடித்துக் கையை வாய்க்காலில் கழுவினேன். சரியாகப் போகவில்லை. அதுவே எனக்குப் பெரிய திருப்தி.

அத்தை திரும்பி வரும்போது மேகம் மூடி அடுப்படி இருட்டிக் கிடந்தது. பானையை எட்டிப் பார்த்தவள், "இன்னைக்கும் தூக்கிப் போட்டுட்டியா? உன்னய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யுறது" என்று சொல்லிக்கொண்டே துணியை அதில் முக்கினாள். சாரல் வந்துவிட்டதால் துணி வீட்டுக்குள்ளேயே கொடியில் காய்ந்தது.

விடிந்து கதவைத் திறந்ததும் வெளிச்சம் துணியில் விழுந்தது. பீடத்துணி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வானத்து நிறத்தில் தொங்கியது. பூ வேலையின் மடிப்புகளுக்குள் நீலம் திட்டுத் திட்டாகச் செதில் கட்டியிருந்தது. அத்தை துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். உவர்மண் போட்டுக் கசக்கினாள், கல்லில் அடித்தாள், அலசினாள், மறுபடியும் கசக்கினாள். வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் நீலமாகப் போயிற்று. துணி அப்படியேதான் இருந்தது.

தோட்டத்துக்குப் போகிற வழியில் அப்பா அங்கே வந்தார்.

"என்னக்கா இது?"

"போக மாட்டேங்குதுடா தம்பி. எத்தனை அலசு அலசியும் போக மாட்டேங்குது." அத்தை மறுபடியும் உவர்மண்ணை அள்ளினாள்.

அப்பா குனிந்து துணியை வாங்கினார். மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். தண்ணீரில் முக்கித் தேய்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கஞ்சி" என்றேன்.

நானே முன்னால் நடந்து அவரைத் தெற்கு மூலைக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் சாயங்காலம் அடித்த சாரலில் பந்தல் முழுவதும் கழுவிப் பச்சையாகக் கிடந்தது. என் ஒரு கொடி மட்டும் நீலமாக நின்றது. அப்பா ஓர் இலையைப் பறித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வாய்க்காலில் போட்டு எடுத்தார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ஏலே, இங்கன வாடா! பிடிச்சிருச்சுடா, ஒட்டிப் பிடிச்சிருச்சு!" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். தோளின் மேலிருந்து பார்த்தபோது வாய்க்கால் ஓரத்தில் அத்தை ஈரத்துணியோடு நிற்பது தெரிந்தது. அவள் ஏன் ஓடிவரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவும் அம்மாவும் அத்தையும் வெகுநேரம் பேசினார்கள். அப்பா ஏதோ மறுப்பதும் அத்தை விடாமல் சொல்வதும் கேட்டது. வெளியே வந்ததும் அத்தை துணியை மடித்தாள். "சாமியார்கிட்ட போறேன்" என்றாள். நானும் வருவேன் என்று நின்றேன். வேண்டாம் என்றாள் அம்மா. நான் போட்ட கூச்சலில் கடைசியில் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. சாமியார் என்னைப் பாராட்டப்போகிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவருடைய சீமைக்காரர்களுக்கே தெரியாததைக் கண்டுபிடித்தவள் நான். தலையை நன்றாக வாரிப் பின்னிக்கொண்டேன்.

சாமியார் துணியை விரித்துப் பார்த்தார். பூ வேலையின் மேல் விரலை வைத்தார். அவர் முகம் வாடிப்போனது.

"சாமி, என் கைத்தப்பு" என்றாள் அத்தை. "கொடியில மருந்து நிக்க மாட்டேங்குதேன்னு நான்தான் கஞ்சியில கலந்து பார்த்தேன். அந்தப் பானையிலயே தெரியாம துணியையும் முக்கிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் பிடரியில் இறுகியது. அந்தக் கைக்கு அத்தனை பலம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பிள்ளைகள் யாரும் தொடவில்லையே?"

"இல்ல சாமி. பிள்ளைய அந்தப் பக்கமே விடுறதில்ல."

சாமியார் துணியை மடித்து வைத்தார். பிறகு, பீடத்துத் துணிகளை இனிமேல், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மருந்து கொடியில் நின்றதா என்று கேட்டார். ஒட்டிப் பிடித்திருக்கிறது என்றாள் அத்தை. "நல்லது, அந்த வேலை நடக்கட்டும். மூட்டை உங்களிடமே இருக்கட்டும்" என்றார். அத்தை குனிந்து கும்பிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன்.

"நான்தான கலந்தேன்?"

"ஆமாத்தா, நீதான்."

"அப்ப ஏன் நீ கலந்தேன்னு சொன்ன? பொய்யி!"

"பொய்யிதான். சத்தம் போடாம வா."

ஒப்புக்கொண்டே திருடுகிறவளை என்ன செய்வது? அன்று முதல் நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

திருநாளன்று உபதேசியார் மனைவி வேறொரு பீடத்துணியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள், பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தையும் அவர்களோடு சேர்ந்து ஒதுங்கினாள். கோயிலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் முட்டிபோட்டாள். நன்றாக வேண்டும் என்று நான் நினைத்தேன். என் ஆத்திரம் அதோடும் தீரவில்லை. எங்கள் பந்தல் பச்சையாக நிற்பதைப் பார்த்து அதே குச்சியில் பந்தல் போட்டிருந்த மற்றவர்களும் அத்தையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒரு தொட்டிக்குக் கஞ்சி எவ்வளவு, மாவு எத்தனை நேரம் ஊறவேண்டும் என்று அவளிடம் கேட்டார்கள். அவளும் பொறுமையாகச் சொன்னாள். என் கண் எதிரில், என் கண்டுபிடிப்பு, அவள் பெயரில் கம்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை எங்கள் கொடிகளுக்குப் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினாள். கிண்ட வா என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. தனியாகக் கிண்டினாள், கட்டி தட்டியது.

அந்த வருஷம் பந்தல் தாங்காத அளவுக்குக் காய்த்தது. கங்காணி மறுபடியும் வந்தான். அப்பா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அம்மா அன்று பாயசம் வைத்தாள். காய்ச்சலோடு திரும்பியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

முதல் அறுப்பன்று எல்லோரும் பந்தலடியில் இருந்தோம். முதல் கூடை கோயிலுக்கு என்று ஒதுக்கியான பிறகு, அத்தை நல்லதாக ஒரு குலையைப் பார்த்து வெட்டி, தண்ணீரில் நன்றாக அலசி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இந்தா, உன் கொடியில காய்ச்சது."

"திருடி கையால எனக்கு வேணாம்" என்றேன்.

அப்பா அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அத்தை குறுக்கே போய் நின்றாள்.

"விடுடா தம்பி. அதுக்கு என்ன தெரியும்."

எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குலையை என் மடியில் போட்டுவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து அத்தனையையும் தின்றேன். யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நல்ல இனிப்பு. எதிரே என் அப்பா இடுப்பில் கைவைத்து, என்னை முறைத்துக்கொண்டு நின்றார். அவர் அந்த மலையில் இல்லாமல் அங்கே நிற்பது யாரால் என்று எனக்கு அப்போது தெரியாது.